இம்ப்ளான்ட் பல் போட்டாயிற்று, இனி என்ன? ஈறும் எலும்பும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வழி

"இதுக்குச் சொத்தையே வராது சார்" என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்புவார்கள். அது பொய்யில்லை. தாடைக்குள் இறக்கிய ஸ்க்ரூ டைட்டானியம், மேலே மாட்டிய கேப் பீங்கான் அல்லது சிர்கோனியா. இரண்டையும் கிருமி சொத்தையாக்க முடியாது. ஆனால் அந்த ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது உங்கள் எலும்பு, அதன் கழுத்தை மூடியிருப்பது உங்கள் ஈறு. கெட்டுப்போகக்கூடியவை இந்த இரண்டும்தான்.

கெடுவது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். இதற்குப் பெரி-இம்ப்ளான்ட் மியூக்கோசைட்டிஸ் என்று பெயர். இந்தக் கட்டத்தில் அழுக்கை எடுத்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காமல் விட்டால் அழற்சி எலும்புக்கு இறங்கி, ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பைக் கிண்ணம் வடிவில் கரைக்கும். அதுதான் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றே: முதல் கட்டத்தைத் தவிர்ப்பது, தவறி வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துவது.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015-ல் வெளியான ஒரு கணக்கின்படி, இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியும், சுமார் 22 சதவீதம் பேருக்கு எலும்பு வரை இறங்கிய அழற்சியும் இருந்தன. நோயை வரையறுக்கும் விதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் இந்த எண் கொஞ்சம் மேலே கீழே போகும். அபூர்வமான வியாதி இல்லை என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1965-ல் பேராசிரியர் பிரோனமார்க்கிடம் முதன்முதலாக டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட கோஸ்டா லார்சன், 2006-ல் இறக்கும்வரை அதை வைத்தே சாப்பிட்டார். நாற்பது வருடம் உழைக்கக்கூடிய பொருள்தான் இது.

சொந்தப் பல்லும் இதுவும் ஒன்றல்ல

படிகளுக்குப் போகுமுன் இதைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் யோசனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

சொந்தப் பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உண்டு. ஈறின் நார்கள் சுவரில் அறைந்த ஆணிகளைப் போலப் பல்வேரில் குத்தி நிற்கும். இம்ப்ளான்ட்டில் அந்தப் படலமே கிடையாது, எலும்பு நேராக உலோகத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஈறின் நார்களும் உலோகத்துக்குள் போவதில்லை. அதன் பக்கவாட்டில் இணையாகவும் வளையமாகவும் ஓடுகின்றன. பிடி தளர்வாக இருப்பதால் கிருமிப் படலம் உள்ளே இறங்குவது சுலபம். ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் உடம்பின் எதிர்ப்புப் படையும் அங்கே கொஞ்சம்தான்.

இன்னொரு வேறுபாடு, என் பார்வையில் இதுதான் அதிக ஆபத்தானது: வலி. சொத்தைப் பல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தாவது நம்மை மருத்துவரிடம் இழுத்துப்போகும். இம்ப்ளான்ட்டுக்குள் நரம்பு இல்லை. பாதி எலும்பு போன பிறகும் முறுக்கு கடிக்கலாம். அது ஆடவும் ஆடாது, ஏனென்றால் அடியில் மிச்சமிருக்கும் எலும்பு இறுகப் பிடித்திருக்கும். ஆடத் தொடங்கும்போது காப்பாற்ற ஏதும் இருக்காது. "வலிக்கலையே, அப்புறம் ஏன் போகணும்?" என்ற கேள்வியோடு இம்ப்ளான்ட்டை வைத்திருப்பவர்கள்தான் கடைசியில் அதை இழக்கிறார்கள்.

படி 1: வைப்பதற்கு முன்பே வாயைத் தயார்செய்யுங்கள்

ஏற்கெனவே வைத்துவிட்டவர்களும் இதைப் படியுங்கள். இதில் சொல்பவை வைத்த பிறகும் பொருந்தும்.

பல் போனது எதனால் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்திலோ சொத்தையிலோ போயிருந்தால் ஒரு மாதிரி. ஈறு நோயால் ஆடி ஆடி விழுந்த பல் என்றால் கதை வேறு. அந்த நோயை உண்டாக்கிய கிருமிகளும், அதற்கு உங்கள் உடம்பு எதிர்வினை காட்டும் விதமும் பல்லோடு சேர்ந்து போய்விடவில்லை. பழைய ஈறு நோய்தான் இம்ப்ளான்ட் அழற்சிக்கு மிக உறுதியாக நிறுவப்பட்ட காரணிகளில் ஒன்று. மிச்சமிருக்கும் பற்களின் ஈறை முழுக்கக் குணப்படுத்தி, ரத்தக் கசிவு அடங்கியதை உறுதிசெய்த பிறகே ஸ்க்ரூ இறக்க வேண்டும். "அதையும் இதையும் ஒரே நாளில் முடிச்சிரலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

புகையிலை. சிகரெட், பீடி, வெற்றிலையோடு சேர்த்துப் போடும் புகையிலை, பொட்டலத்தில் வரும் குட்கா எல்லாம் இதில் அடக்கம். புகைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். நமக்கிருக்கும் ஒரே எச்சரிக்கை மணியின் ஓசையைப் புகை அமுக்கிவிடுகிறது.

சர்க்கரை நோய் இருந்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவைக் கையில் கொண்டு போங்கள். பெரியவர்கள் பலருக்கு 7-க்குக் கீழே என்பது மருத்துவர்கள் வைக்கும் பொதுவான இலக்கு. வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து உங்கள் இலக்கு வேறாக இருக்கலாம். சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்றில்லை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் பிரச்சினை.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுவாக்கும் மாத்திரை, ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் வகை மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. "வருஷத்துக்கு ஒரு ஊசிதானே" என்று மறந்துபோவது இதில்தான் நடக்கிறது.

அறுவை முடிந்த முதல் சில நாள்களில் தையல் போட்ட இடத்தில் பிரஷ் படக் கூடாது. மருத்துவர் தரும் கொப்பளிப்பு மருந்து போதும். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கலாம், துலக்கவும் வேண்டும்.

படி 2: கேப் மாட்டும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை

இம்ப்ளான்ட்டைக் காப்பதில் பாதி வேலை இந்த ஒரு நாளில் தீர்மானமாகிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. "நல்லா துலக்குங்க" என்று நோயாளியிடம் சொல்லிவிடுவது எளிது. துலக்க முடியாத வடிவத்தில் கேப்பை மாட்டிவிட்டு அப்படிச் சொல்வதில் நியாயமில்லை. 2009-ல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நோய் கண்ட இம்ப்ளான்ட்டுகளில் சுமார் பாதியைச் சுற்றிச் சுத்தம் செய்யவே வழியில்லாமல் இருந்தது. வழியிருந்த இடங்களில் நோய் வெகு குறைவு.

எனவே கேப் மாட்டியதும் நாற்காலியை விட்டு இறங்காமல் சொல்லுங்கள்: "டாக்டர், இதை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு இந்தக் கண்ணாடியில காட்டுங்க." பல்லிடுக்கு பிரஷ் இரண்டு பக்கமும் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள். லேபுக்குத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்வது அன்றைக்குச் சுலபம், இரண்டு வருடம் கழித்துக் கடினம்.

வடிவத்தில் என்ன பார்க்க வேண்டும்? ஈறிலிருந்து மேலே வரும் இடத்தில் கேப் மெதுவாக விரிய வேண்டும். ஈறைத் தாண்டியதும் குடைபோல் சட்டென்று அகன்றால் அதன் அடியில் பிரஷ் போகாது. இந்த விரிவு 30 டிகிரியைத் தாண்டும் இடங்களில் எலும்பு அழற்சி அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டிகிரி கணக்கு உங்களுக்கு வேண்டாம், எக்ஸ்-ரேயில் அந்த வளைவைக் காட்டச் சொன்னால் போதும். அழகுக்காக ஈறின் மேல் படிந்து உட்காரும் பீங்கான் விளிம்பும் இதே தொல்லையைத் தரும்.

அடுத்த கேள்வி: கேப் ஸ்க்ரூவால் முடுக்கியதா, சிமென்ட்டால் ஒட்டியதா? இரண்டும் நடைமுறையில் உள்ளவை, இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. ஒட்டும் முறையில், அமுக்கும்போது பிதுங்கும் சிமென்ட் ஈறுக்கு அடியில் தங்கிவிடலாம். அந்தச் சொரசொரப்பில் கிருமி குடியேறும். 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வு 39 பேரைப் பரிசோதித்தது. நோய் கண்ட இம்ப்ளான்ட்டுகளில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை எடுத்த பிறகு அவற்றில் 74 சதவீதம் குணமாயின. கேப் போட்டு நான்கு மாதத்தில் தொல்லை கொடுத்ததும் உண்டு, ஒன்பது வருடம் கழித்துக் கொடுத்ததும் உண்டு. உங்களுடையது ஒட்டியது என்றால், "மிச்ச சிமென்ட் பார்த்துட்டீங்களா?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சில சிமென்ட் எக்ஸ்-ரேயில் தெரியாது என்பதால், படத்தைக் காட்டி "ஒண்ணுமில்லை" என்று சொல்வது முழுப் பதிலாகாது. சில வாரம் கழித்து ஒருமுறை வந்து காட்டுகிறேன் என்று நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காகிதங்கள். மூன்று உங்களிடம் இருக்க வேண்டும். கேப் போட்ட அன்று எடுத்த சிறிய எக்ஸ்-ரேயின் நகல் ஒன்று. அதற்குப் பின் முதல் சில மாதங்களுக்குள் ஈறின் ஆழத்தை அளந்து எழுதிய குறிப்பு ஒன்று. இம்ப்ளான்ட்டின் நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண் இருக்கும் ஸ்டிக்கர் அல்லது அட்டை ஒன்று. முதல் இரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எலும்பு இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதைவிட, அன்றைக்கு இருந்த இடத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் நோயைக் காட்டும். முதல் வருடத்தில் எலும்பு கொஞ்சம் இறங்கி நிலைகொள்வது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. மூன்றாவது காகிதத்தின் அருமை ஊர் மாறும்போது தெரியும். சென்னையில் போட்ட கேப்பைக் கழற்ற வேண்டிய தேவை துபாயில் வந்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு எந்தக் கம்பெனியின் திருகுச் சாவி வேண்டும் என்று அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும். மூன்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

படி 3: தினசரி வேலை

காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை. இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது.

பிரஷ் மென்மையான வகையாக இருக்கட்டும். கையில் பிடிக்கும் பிரஷ்ஷோ பேட்டரியில் ஓடுவதோ, இரண்டும் சரி. நார்கள் ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் படும்படி 45 டிகிரி சாய்த்து வைத்து, அதே இடத்தில் சின்னச் சின்ன அசைவாகக் கொடுங்கள். நம்மில் பெரும்பாலோர் பல்லின் முகத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு ஈறின் ஓரத்தை விட்டுவிடுகிறோம். இம்ப்ளான்ட்டில் கேப்பின் முகம் அழுக்கானால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஓரம் அழுக்கானால்தான் ஆகும். நாக்குப் பக்கத்தையும் மறக்காதீர்கள், கீழ்த்தாடையின் உள்பக்கத்தில்தான் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, அதிகம் சேரும்.

பிரஷ் துலக்குவது பாதி வேலை. மீதி பாதியை முடிக்கப் பல்லிடுக்கு பிரஷ் வேண்டும், அதாவது மெல்லிய கம்பியில் நார் சுற்றிய சின்ன பிரஷ். மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும், நிறத்தை வைத்து அளவு பிரித்திருப்பார்கள். கம்பி மேல் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதை வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறக்கூடும். அளவு முக்கியம். உள்ளே போகும்போது நார்கள் இரு பக்கமும் லேசாக உரச வேண்டும், ஆனால் கம்பி உரசக் கூடாது. தொளதொளவென்று போனால் அது சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். வாயில் ஒவ்வொரு இடுக்கும் ஒவ்வொரு அளவில் இருப்பதால் பலருக்கு இரண்டு அளவு தேவைப்படும். கன்னத்துப் பக்கமிருந்து நுழைத்து நான்கைந்து முறை முன்னும் பின்னும் கொடுங்கள். முடிந்தால் உள்பக்கமிருந்தும் ஒருமுறை. பேஸ்ட் தேவையில்லை. நார் கலைந்ததும், கம்பி வளைந்ததும் தூக்கிப் போடுங்கள்.

முதல் வாரம் ரத்தம் வரலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். தேங்கியிருந்த அழுக்கால் வீங்கிய ஈறு அது, அழுக்குப் போகப்போக ரத்தமும் நிற்கும். இரண்டு வாரம் தொடர்ந்து ஒழுங்காகச் செய்தும் அதே இடத்தில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசிக் கடைவாயில் இருக்கும் இம்ப்ளான்ட்டின் பின்பக்கத்துக்கு ஒற்றைக் கொத்து பிரஷ் என்று ஒன்று உண்டு. தலைப்பகுதியில் ஒரே ஒரு கொத்து நார் மட்டும் இருக்கும். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி வழி மறைக்கும். பாதி மூடிக் கொண்டால் பிரஷ் பின்னால் வரை போகும்.

ஃப்ளாஸ் நூல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈறு நல்ல நிலையில், கேப் வழவழப்பாக இருக்கும் இடத்தில் தடித்த, பஞ்சு போன்ற ஃப்ளாஸ் நன்றாகவே வேலை செய்யும். எலும்பு இறங்கி ஸ்க்ரூவின் மரைகள் வெளியே தெரியும் இடத்தில் நூலின் இழைகள் அந்தச் சொரசொரப்பில் சிக்கி உள்ளேயே தங்கிவிடலாம், அதுவே புதிய அழற்சிக்குக் காரணமானதும் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பல்லிடுக்கு பிரஷ்ஷே மேல்.

தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசர் பிரஷ்ஷுக்குத் துணையாக நல்லது, மாற்றாக ஆகாது. விரல் மடங்காத முதியவர்களுக்கும், பல பற்களைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜ் உள்ளவர்களுக்கும் கட்டாயம் உதவும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தண்ணீரை ஈறுக்குள் நேராக இறக்காமல் ஓரத்தின் வழியாக ஓடவிடுங்கள்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கரித்தூள், செங்கல் பொடி, சாம்பல், நறநறவென்று இருக்கும் பற்பொடி எல்லாம் கேப்பின் பளபளப்பைக் கெடுத்துச் சொரசொரப்பாக்கும், அதில் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். சாதாரண ஃப்ளூரைடு பேஸ்ட்டே போதும். ஃப்ளூரைடு டைட்டானியத்தை அரிக்கும் என்று சுற்றும் செய்தி, மருத்துவமனையில் தடவும் அமிலத்தன்மையுள்ள ஜெல்லைப் பற்றியது, தினசரி பேஸ்ட்டைப் பற்றியதல்ல. வேப்பங்குச்சி பல்லின் முகத்தைத் தேய்க்கும், இடுக்குக்குள் போகாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பது பிடித்திருந்தால் செய்யுங்கள், பல்லிடுக்கு பிரஷ்ஷைப் போட்ட பிறகு. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து வலுவானது, ஆனால் மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும், அதுவும் பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும். எந்தக் கொப்பளிப்பும் ஒட்டியிருக்கும் படலத்தை உரித்தெடுக்காது, உரசித்தான் எடுக்க வேண்டும்.

படி 4: மாதம் ஒருமுறை கண்ணாடி முன்

நல்ல வெளிச்சத்தில் உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பாருங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு பக்கத்துப் பல்லின் ஈறைப் போலவே இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருக்கிறதா? கருஞ்சிவப்பு, பளபளப்பான வீக்கம், விரலால் அழுத்தினால் ஓரத்தில் வரும் சீழ், கேப்பின் அடியில் தெரியும் சாம்பல் நிற உலோகம், முன்பு இல்லாத நீளம், அந்த இடத்திலிருந்து மட்டும் வரும் கெட்ட வாடை அல்லது சுவை. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கிடைக்கும் தகவல்களிலேயே மதிப்புள்ளது பல்லிடுக்கு பிரஷ்ஷில் தெரியும் ரத்தம்தான். வலிக்காத ரத்தம், துடைத்துவிட்டால் மறந்துபோகும் ரத்தம்.

படி 5: மருத்துவரிடம் திரும்பப் போவது

எவ்வளவு இடைவெளியில்? ஈறு நோய் வரலாறு, சர்க்கரை, புகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எதுவும் இல்லாதவர்களுக்கு ஆறு மாதம் போதும். முதல் மூன்று வருடம் கண்டிப்பாகத் தவற விடாதீர்கள், எலும்பு இறக்கம் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே தொடங்குகிறது. தொடங்கிய பிறகு சீரான வேகத்தில் போகாமல் போகப்போக வேகம் எடுக்கும்.

திரும்பப் போவதால் என்ன பயன் என்பதற்கு பிரேசிலில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். இம்ப்ளான்ட் ஈறு அழற்சி இருந்த 80 பேரை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்துகொண்டிருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. வராமல் விட்டவர்களில் அது கிட்டத்தட்ட 44 சதவீதம்.

அங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், வெறுமனே எட்டிப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்று அனுப்பிவிடுவதை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ப்ரோப் கருவியை ஈறுக்கும் கேப்புக்கும் நடுவில் மெதுவாக விட்டுச் சுற்றிலும் ஆழம் அளக்க வேண்டும். இம்ப்ளான்ட்டை ப்ரோப்பால் தொடவே கூடாது என்ற பழைய பயம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. லேசான அழுத்தத்தில் அளப்பதால் கேடில்லை, அளக்காமல் நோயைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அளந்த பிறகு ரத்தமோ சீழோ வருகிறதா என்று அரை நிமிடம் பார்க்க வேண்டும். எண்களை எழுதிப் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும். மாற்றம் இருந்தால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். பழைய பதிவே இல்லாதவர்களுக்கு, ரத்தக் கசிவோடு ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், எலும்பு இறக்கம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று 2018-ல் வெளியான சர்வதேச வகைப்பாடு சொல்கிறது. பழைய பதிவை வைத்திருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

சுத்தம் செய்யும் கருவியும் வேறு. சொந்தப் பல்லுக்குப் போடும் எஃகு முனை ஸ்கேலர் டைட்டானியத்தில் கோடு போடும். பிளாஸ்டிக் உறை போட்ட முனை, டைட்டானியம் கருவி, கிளைசின் அல்லது எரித்ரிட்டால் பொடியைக் காற்றோடு பீய்ச்சும் இயந்திரம் என இம்ப்ளான்ட்டுக்கென்றே இருக்கின்றன. "இம்ப்ளான்ட்டுக்குத் தனி டிப் இருக்கா?" என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம். செலவுதான் தடை என்றால் அரசு, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்ப் பிரிவுகளில் விசாரித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், கட்டணம் பெரும்பாலும் குறைவு, அளந்து எழுதும் பழக்கமும் அங்கே அதிகம், மாணவர்களுக்கு அது பாடமாயிற்றே.

வந்துவிட்டால்

ஈறோடு நிற்கும் கட்டம் என்றால் உள்ளே சுத்தம் செய்து, உங்கள் வீட்டு முறையைத் திருத்தி, இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். சொந்தப் பல்லின் ஈறைவிட இம்ப்ளான்ட் ஈறு ஆற அதிக நாள் எடுக்கும், பொறுமை வேண்டும். கேப்பின் வடிவம்தான் காரணம் என்றால் அதைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். மாற்றாமல் திரும்பத் திரும்பச் சுத்தம் மட்டும் செய்வது காசுக்குக் கேடு.

எலும்புக்கு இறங்கியிருந்தால் முதலில் அறுவை இல்லாத சுத்தம், பிறகு மறுபரிசோதனை, அடங்கவில்லை என்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை. பள்ளத்தின் வடிவம் ஒத்துழைத்தால் எலும்புத் துகள் வைத்து நிரப்பவும் செய்வார்கள். ஈறு நிபுணரான பெரியோடான்டிஸ்ட்டிடம் போவது நல்லது. கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஒட்டியிருக்கும் படலத்துக்குள் மருந்து சரியாகப் போகாது, வீக்கம் இரண்டு நாள் வடிந்ததுபோல் காட்டும், அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

முழுத்தாடை போட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்

நான்கு அல்லது ஆறு இம்ப்ளான்ட்டின் மேல் முழு வரிசைப் பல்லை முடுக்கியிருந்தால், அந்த வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில்தான் எல்லாம் தேங்கும். விறைப்பான முனையுள்ள ஃப்ளாஸை ஒரு தூணின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்து, தூணைச் சுற்றி இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு வாட்டர் ஃப்ளாசர். மருத்துவர் தேவை என்று கருதும்போது வரிசை முழுவதையும் கழற்றி, அடியில் சுத்தம் செய்து மாட்டுவார், அந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொத்தான் போல் மாட்டிக் கழற்றும் பல்செட் என்றால் ராத்திரி கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவித் தண்ணீரில் வையுங்கள். செட்டைக் கழுவுபவர்கள் பலர் வாய்க்குள் நிற்கும் பொத்தானைத் தேய்க்க மறந்துவிடுகிறார்கள். அதன் ஓரத்தையும் மென்மையான பிரஷ்ஷால் சுற்றித் துலக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் போட்ட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பக்கவாதம், மறதி நோய், கைநடுக்கம் வரும் காலம் வரலாம். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பின்னால் நின்றுகொண்டு, தலையை உங்கள் மேல் சாய்த்துப் பிடித்துத் துலக்கிவிட்டால் இருவருக்கும் வசதி. பருமனான கைப்பிடியுள்ள பிரஷ் கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிவிடலாம், பிடிப்பதற்கு நன்றாக இருக்கும்.

ஒருநாள் கேப் லேசாக ஆடினால் பதற வேண்டாம். பெரும்பாலும் கேப்பைப் பிடித்திருக்கும் சிறிய ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், எலும்புக்குள் இருப்பது அசைந்திருக்காது. ஆனால் அந்தச் சந்தில் கிருமி புகும், தளர்ந்த ஸ்க்ரூ கடியில் முறியவும் கூடும். அந்தப் பக்கம் மெல்லாமல், பசை எதுவும் போட்டு ஒட்டாமல், அந்த வாரத்துக்குள் போய் முடுக்கிக்கொள்ளுங்கள். போகும்போது அந்த ஸ்டிக்கரை எடுத்துப் போங்கள்.